கயிறு போக

முதல் நாள் நான் அந்தக் கொட்டகைக்குள் நுழைந்து என்னை அறிமுகப்படுத்திக்கொண்டது இப்படி: "வணக்கம் மேடம். நான் கம்பெனியோட பொன்னேரி ஆபீஸ்ல இருந்து வரேன். நம்ம எல்லாக் கொட்டகையையும் இணைக்கிற நெட்வொர்க்கைப் பார்த்துக்கற பொறுப்பை என்கிட்ட குடுத்திருக்காங்க. அது சம்பந்தமா உங்ககிட்ட ஒரு சில விஷயங்களைக் கலந்து பேசிட்டு..."

எலக்ட்ரானிக் தராசுக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த அக்கா தலையை நிமிர்த்தவில்லை. கையிலிருந்த நண்டைப் பார்த்தபடியே, "கயிறு போக சொல்லு நைனா" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்தில் நண்டு கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் இரக்கப்பட்டு, "இன்னாத்துக்கு வந்தேன்னு கேக்குது" என்றாள்.

"ஒயர் மாட்ட வந்தேன்."

"அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்று அக்கா அடுத்த நண்டை எடுத்தார்.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அது சம்பளப் பட்டியலிலும் ரேஷன் கார்டிலும் மட்டும் புழங்கியது. குப்பத்தில் பெரியவர், சிறியவர் எல்லோருக்கும் அவர் எடையக்கா. எனக்கு வெறும் அக்கா.

பழவேற்காடு ஏரியோரத்துக் குப்பம் அது. எங்கள் கம்பெனி ஏரியில் பிடிபடும் சேற்று நண்டை உயிரோடு வாங்கி, உயிரோடு விமானம் ஏற்றி வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனி. அந்த நண்டின் கொடுக்கு லேசுப்பட்டதல்ல, விரல் மாட்டினால் மோதிரத்தை வேறு விரலுக்கு மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். அதனால் பிடிப்பவர்கள் படகிலேயே கொடுக்கைக் கயிற்றால் கட்டிவிடுவார்கள்; எடை முடிந்தபின் கொட்டகைப் பெண்கள் விமானத்துக்காக இன்னொரு தரம் இறுக்கிக் கட்டுவார்கள். கட்டிய நண்டு தராசுக்கு வரும்போது கயிறும் கூடவே ஏறி உட்காரும். காய்ந்த கயிறு என்றால் பாதகமில்லை. ஆனால் எந்தக் கயிறும் அங்கே காய்ந்து வராது. சிலர் சணலை முந்தின நாளே ஊறப்போட்டு வைப்பார்கள், சிலர் மாடு கட்டும் கயிற்றையே கொண்டுவந்து நண்டுக்குச் சுற்றியிருப்பார்கள். எல்லாக் கொட்டகையிலும் வழக்கம் என்னவென்றால், நண்டைக் கையில் தூக்கிப் பார்த்து, கயிறுக்கு இவ்வளவு என்று குத்துமதிப்பாகக் கழித்துவிடுவார்கள். குத்துமதிப்பு என்ற சொல்லே அக்காவுக்கு ஆகாது.

ஒருமுறை ஒரு பெரியவர் கொண்டுவந்த நண்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு அக்கா கேட்டார்: "மாமா, இது கயிறு கட்ன நண்டா, நண்டு கட்ன கயிறா?"

"நா இன்னாம்மா பண்றது? ஏரில தண்ணி ஈரமா கீது" என்றார் அவர், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

அக்கா வாதாடவில்லை. கயிற்றை அவிழ்த்தார், கயிற்றை மட்டும் தராசில் போட்டார், எண்ணை அவருக்குக் காட்டினார், மறுபடி நண்டைக் கட்டினார். இவ்வளவும் ஒரு தும்மல் போடும் நேரத்தில் முடிந்துவிடும். அந்தத் தும்மல் நேரத்துக்குள் நண்டு தரையில் இறங்கி என் புதுச் செருப்பை நோக்கி வந்ததும், நான் கணினி மேசைமேல் ஏறி நின்றதும் கொட்டகையில் வெகுநாள் பேச்சாக இருந்தது. எனக்குச் சொந்த ஊர் காட்டூர். எங்கள் வீட்டில் நெல்தான். நெல்லுக்குக் கொடுக்கு கிடையாது.

எடை போடுகிற பழக்கம் தராசோடு நின்றிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அக்கா உலகத்தையே கயிறு கழித்துத்தான் வாங்கினார்.

கல்யாண வீட்டில் கொடுத்த ஸ்வீட் பாக்ஸை, கொடுத்தவர் எதிரிலேயே பிரித்து, அட்டையை ஒரு கையிலும் மைசூர்பாகை ஒரு கையிலும் தூக்கிப் பார்த்து, "அட்டை நல்லா கீது" என்று சொல்லிவிட்டு வந்தவர் அவர். ஓட்டுக் கேட்கும் சமயத்தில் ஒருவர் மீன் ஏலக் கூடத்தில் முக்கால் மணி நேரம் பேசினார். கூட்டத்துக்குப் போக முடியாத பெண்கள் மறுநாள் இன்னா சொன்னாரு என்று கேட்டார்கள். "ரோடு போடமாட்டாங்களாம்" என்றார் அக்கா. அவர் அப்படிச் சொல்லவேயில்லை என்று நான் குறுக்கிட்டேன். ரோடு சம்பந்தமாக மனுவைப் பரிசீலித்து, மேலிடத்தின் கவனத்துக்குக் கொண்டுபோய், ஆவன செய்வதாகத்தானே சொன்னார்? அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். ரோடு இன்னும் போடவில்லை.

என் கல்யாணத்திலும் கை வைத்தார். தரகர் ஒருவர் மதிய நேரத்தில் எனக்குப் போன் செய்தார். நான் ஒயர் பிடித்துக்கொண்டிருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டு வைத்திருந்தேன். பெண் லட்சணம், படிப்பு, அடக்கம், பெரிய குடும்பம், கும்மிடிப்பூண்டியில் சொந்த வீடு, மாப்பிள்ளையைப் பற்றி நாலு பேர் நல்லபடியாகச் சொன்னார்கள் என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனைப் பிடுங்கினார்.

"யோவ், பொண்ணுக்கு இவன புடிச்சிகீதா?"

"அது... இன்னும் கேக்கலம்மா."

"கேட்டுட்டு போன் பண்ணு."

கேட்டிருக்கிறார்கள். பிடிக்கவில்லை என்று அந்தப் பெண் சொல்லிவிட்டாளாம். என் அம்மா அக்காவை இன்றுவரை மன்னிக்கவில்லை.

சிரிக்க முடியாத சமயங்களும் உண்டு. நண்டு கட்டும் பெண்களில் ஒருத்தி ஒரு நாள் தாமதமாக வந்தாள். மாமியாருக்கு மூச்சுத் திணறல், பஸ் நிற்கவில்லை, பிள்ளை அழுதான் என்று வாசலிலேயே ஆரம்பித்தாள். அக்கா நிமிராமல், "லேட்டா, லீவா?" என்று கேட்டார். அவள் லேட்டு என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் நண்டுக் கூடைக்கு முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டே கட்டினாள். எனக்கு அக்காமேல் கோபமாக வந்தது. மதியம் அக்கா தன் டிபன் டப்பாவை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, தான் டீயும் பன்னும் சாப்பிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கென்னவோ இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம் என்றுதான் இன்றும் தோன்றுகிறது.

"வீட்டுக்காரர்கிட்டயும் இப்படித்தானா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். அவர் வலை பின்னுபவர். காலையில் இரண்டு வார்த்தை, மாலையில் ஒரு வார்த்தை பேசுவார்.

"அந்தாளுகிட்ட கழிக்கறதுக்கு ஒண்ணுமே கெடையாது. அத பாத்துதான் சரின்னேன்" என்றார் அக்கா. கட்டிக்கொண்டிருந்த ஒன்பது பெண்களும் சிரித்தார்கள். அக்காவின் காது மட்டும் கொஞ்சம் சிவந்ததைப் பார்த்தேன்.

இனி என் வேலை. கம்பெனிக்கு ஏரியைச் சுற்றி நான்கு கொட்டகைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கணினி, ஒரு கேமரா. ஒவ்வொரு கூடைக்கும் எடையும், நண்டுகள் உயிரோடு இருப்பதைக் காட்டும் போட்டோக்களும் சென்னையில் வாடகைக்கு எடுத்த சர்வருக்குப் போய்ச் சேர வேண்டும். போட்டோ வராத கூடையைச் சென்னைப் பேக்கிங் கூடம் தொடாது. கூடை லாரியிலேயே காத்திருக்கும். நண்டு எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்பது நண்டின் கையில் இருக்கிறது.

இந்த நான்கு கொட்டகைகளும் சர்வரும் வேறு வேறு ஊரில், வேறு வேறு லைனில் இருக்கின்றன. ஆனால் எல்லாம் ஒரே அறையில், ஒரே ஒயரில் இருப்பதாகக் கணினிகளை நம்பவைக்க வேண்டும். இதற்கு ஓவர்லே நெட்வொர்க் என்று பெயர். இருக்கிற லைனுக்கு மேலே இல்லாத ஒரு லைன். தகவல் எப்போதும் சின்னச் சின்னப் பொட்டலங்களாகத்தான் போகும். ஒவ்வொரு பொட்டலத்தையும் இன்னொரு உறைக்குள் போட்டு, உறைமேல் வேறு விலாசம் எழுதி அனுப்புவதுதான் இதில் உள்ள சூட்சுமம். இந்த யோசனையை முதலாளியிடம் சொன்ன புத்திசாலி நான்தான்.

மூன்று கொட்டகைகளில் சமத்தாக ஓடியது. அக்காவின் கொட்டகையில் படுத்துக்கொண்டது. முழுவதும் படுத்திருந்தாலாவது வைத்தியம் பார்க்கலாம். எடை கண் இமைக்கும் நேரத்தில் போகிறது. போட்டோ போகவில்லை. திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் கழித்து ஒரு போட்டோ தப்பிப் பிழைத்துச் சென்னைக்குப் போகும். லைன் வேகத்தைச் சோதித்தால் பிரமாதம். நண்டு கட்டும் பெண்கள் அதே லைனில் தடங்கலில்லாமல் சீரியல் பார்க்கிறார்கள்.

ஒரு திங்கட்கிழமை முதலாளி சென்னையிலிருந்து போன் செய்தார். "குப்பத்து லைனை நம்பிப் பிரயோஜனம் இல்லப்பா. வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்க்கறேன். சரியாகலைன்னா அந்தக் கொட்டகையை மூடிட்டு, சுண்ணாம்புக்குளத்தோட சேர்த்துடலாம்."

சேர்த்துவிடலாம் என்பதற்குக் கயிறு கழித்தால் என்ன மிஞ்சும் என்று எனக்கே தெரிந்தது. சுண்ணாம்புக்குளம் கொட்டகை ஏரிக்கு அந்தப் பக்கம். பஸ் மாறி மாறிப் போய் வருவதற்குள் பொழுது போய்விடும். ஒன்பது பெண்களில் ஒருத்தியும் அங்கே வேலைக்குப் போக முடியாது, அக்காவும் முடியாது. நான் விஷயத்தைச் சுற்றி வளைத்துச் சொல்லப் பார்த்தேன். அக்கா பாதியிலேயே, "வெள்ளிக்கெயம மூடிடுவாங்களா?" என்றார். நான் ஆமாம் என்றேன். அன்று முழுக்கக் கொட்டகையில் சீரியல் ஓடவில்லை.

செவ்வாய்க்கிழமை எல்லோரும் வைத்தியம் சொன்னார்கள். வாடைக்காற்றில் ஒயர் ஆடுகிறது என்றார் ஒருவர். உப்புக்காற்று பிளக்கைத் தின்றுவிட்டது என்றார் இன்னொருவர். கம்பத்தில் ஒரு காக்கா தினமும் அதே இடத்தில் உட்காருவதை ஒரு பெண் மூன்று நாளாகக் கவனித்து வைத்திருந்தாள். கல் விட்டு விரட்டினோம், போட்டோ போகவில்லை, காக்கா வந்துவிட்டது. முதலாளியின் மச்சான் பெரிய வேக லைனாகப் போடச் சொன்னார். போட்டோம். போட்டோ அதே வேகத்தில் போகாமல் இருந்தது.

அக்காவின் கணிப்பு ஒன்றே ஒன்றுதான். "வழில எவனோ எடுக்கறான்."

"அக்கா, போட்டோவை யாரும் எடுக்க முடியாது."

"கெளம்பசொல்ல எவ்ளோ?"

"முழுசு."

"சேரசொல்ல?"

"ஒண்ணுமில்ல."

"அப்ப நடுவுல ஒருத்தன் கீறான்."

புதன்கிழமை காலையில் என்னை மொபெட்டின் பின்னால் ஏற்றிக்கொண்டு ஒயர் போகிற வழியாகவே கிளம்பினார். கம்பம் கம்பமாக நிறுத்தி, அண்ணாந்து பார்த்தார். ஒயர் ஒரு கடை மாடிக்குள் போய் மறைந்த இடத்தில் வண்டியை நிறுத்தினார். அது எங்கள் லைனைக் கொடுக்கும் கேபிள்காரரின் கடை. பாவம், அப்போதுதான் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து வைத்திருந்தார்.

"எங்க நண்டு போட்டோவ வெச்சிகினு நீ இன்னா பண்ணப் போற?" என்றார் அக்கா.

கேபிள்காரர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"இன்னா போட்டோம்மா?"

"நண்டு போட்டோ. கூட கூடயா அனுப்பறோம். ஒண்ணும் போயி சேரல. ஒயரு உன் வூட்டு உள்ளாறதான் போவுது."

"எம் புள்ளைங்க மேல சத்தியமா எங்கிட்ட ஒரு நண்டும் கெடையாதும்மா. எனக்கு நண்டுனாவே ஆவாது, ஒடம்பெல்லாம் தடிச்சிக்கும்." அவர் சட்டைக் கையை மடக்கி, எப்போதோ தடித்த இடத்தைக் காட்டினார். பிறகு டப்பாக்களைத் திறந்து காட்டினார். மேசை இழுப்பறையைக் காட்டினார். அக்கா இட்லிப் பொட்டலத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் படி இறங்கினார். அந்த மனிதர்மேல் எனக்கும் அவ்வளவாக நம்பிக்கையில்லை என்பதை வேறு ஒருநாள் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

வியாழக்கிழமை மதியம் வேறு வழியில்லாமல், எத்தனை பைட் வரை போகிறது என்று ஒவ்வொரு அளவாக அனுப்பிப் பார்க்க உட்கார்ந்தேன். நடுவில் யாரும் பிரிக்கக் கூடாது என்று முத்திரை குத்திய பொட்டலங்கள். அக்கா பக்கத்தில் சாக்பீஸோடு வந்து உட்கார்ந்தார். சென்னையிலிருந்து பதில் வந்தால் தரையில் ஒரு கோடு.

"ஆயிரம்."

"வந்துச்சா?"

"வந்துடுச்சு. ஆயிரத்து முந்நூறு. வந்துடுச்சு. ஆயிரத்து நானூறு... வரல."

"கொறை."

குறைத்துக் குறைத்து, ஏற்றி ஏற்றி, கடைசியில் இடம் பிடிபட்டது. ஆயிரத்து முந்நூற்றி எழுபது போனது. அதற்குமேல் ஒன்று கூட்டினாலும் சத்தமே இல்லாமல் காணாமல் போனது. எடை சின்னப் பொட்டலம், அதனால் தப்பித்தது. போட்டோ முழு அளவுப் பொட்டலங்களாகப் போனது, அதனால் மாட்டிக்கொண்டது. மாட்டி, மாட்டி, கணினி களைத்துப்போய்த் தானாகவே பொட்டலத்தைச் சின்னதாக்கியபோதுதான் ஏதோ ஒன்று போய்ச் சேர்ந்திருக்கிறது.

"நீ எவ்ளோ வரிக்கும் அனுப்பலாம்னு வெச்சிகீற?" என்று அக்கா கேட்டார்.

"ஆயிரத்து நானூத்தி அம்பது." கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னேன். "பாதை தாங்கறது ஆயிரத்து ஐநூறு அக்கா. மேல போடற உறைக்கு அம்பது. அதை நானே கழிச்சு வெச்சிருக்கேன்."

"அம்பதுன்னு எட போட்டு பாத்தியா?"

"புக்குல இருக்கு."

"புக்கு வந்து கட்டிச்சா?" அக்கா தரையில் இருந்த கோடுகளைப் பார்த்தார். "ஆயிரத்து ஐநூறுல ஆயிரத்து முந்நூத்தி எழுவது போனா நூத்தி முப்பது. உன் கயிறு அம்பது. மிச்சம் எம்பது யாரு கயிறு?"

நான் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். சிரிப்பு வரவில்லை.

எட்டு மாதத்துக்கு முன்னால், லைன் கேபிள்காரர் வழியாகப் போகிறதே, யாராவது உள்ளே பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று, இந்த ஒரு கொட்டகைக்கு மட்டும் பூட்டுப் போட்ட இன்னோர் உறை போட்டிருந்தேன். நண்டு போட்டோவுக்குப் பூட்டு. போட்டுவிட்டு, பொன்னேரியில் ஒரு பிரியாணி சாப்பிட்டேன், அதோடு மறந்துவிட்டேன். பிறகு அதற்குமேல் ஓவர்லே வந்தபோது அதன் உறையை மட்டும் கழித்தேன்; பூட்டு உறையின் எண்பதைக் கழிக்கவில்லை. இது போதாதென்று, "பொட்டலம் பெரிது, சின்னதாக அனுப்பு" என்று வழியிலிருந்து திரும்பி வருகிற சேதியையும் பாதுகாப்பு என்ற பெயரில் நானே தடுத்து வைத்திருந்தேன். வாசலில் நின்று கத்தியவனின் வாயைப் பொத்தியதும் நான்தான்.

"அப்ப நடுவுல எவனும் எடுக்கல?"

"இல்லக்கா."

"கேபிள்காரன்?"

"அவர் பாவம்."

"நீதானா?"

"நான்தான்."

அக்கா சிரித்து அன்றுதான் பார்த்தேன். சத்தமில்லாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு போனை எடுத்துக் கேபிள்காரரைக் கூப்பிட்டு, "நீ திருடன் இல்ல" என்று சொல்லி வைத்துவிட்டார். அதுதான் மன்னிப்பு.

அந்தச் சேதியைத் தடுத்து வைத்திருந்த விதியை எடுத்தேன். அளவை ஆயிரத்து முந்நூற்றைம்பது என்று மாற்றப் போனேன்.

"இன்னாத்துக்கு இருவது உட்ட?"

"ஒரு பாதுகாப்புக்கு அக்கா."

"உன் பாதுகாப்புலதான் ஒரு வாரமா பேஜாரு. முந்நூத்தி எழுவது போடு."

போட்டேன். வட்டம் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. போட்டோ போய்விட்டது. அடுத்ததும் போனது. மூன்று நாளாகச் சோதனைக்கென்று கண்டதையும் எடுத்துக் குவித்திருந்த படங்களெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக முதலாளியின் கண் முன்னால் போய் விழுந்தன. அக்காவின் ரப்பர் செருப்பு, கம்பத்துக் காக்கா, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மேசைமேல் வாய் திறந்து தூங்கும் நான். அதை யார் எடுத்தார்கள் என்று ஒன்பது பேரில் ஒருத்தியும் ஒப்புக்கொள்ளவில்லை.

சிக்கல் அதற்குப் பிறகுதான். முதலாளி போன் செய்தார். "இன்னிக்குப் போச்சு, சரி. நாளைக்கும் போகும்னு என்ன நிச்சயம்? காரணம் என்னன்னு எழுதி அனுப்பு. அந்த ஊர் லைன்தான் காரணம்னா, நான் சொன்னபடி மூடிடலாம்."

வெள்ளிக்கிழமை காலையில் நான் இரண்டு பக்கம் எழுதினேன். நல்ல அறிக்கை. கடலோரச் சூழலின் சவால்கள், பல அடுக்குக் கட்டமைப்பின் எதிர்பாராத விளைவுகள், உள்ளூர் இணைப்பின் தன்மை, தொடர் கண்காணிப்பின் அவசியம் என்று எல்லாம் இருந்தன. என்னைத் தவிர எல்லாரும் இருந்தார்கள். அனுப்பும் முன் அக்கா, "படி" என்றார்.

படித்தேன். ஒன்பது பெண்களும் கட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

"இதுல தப்பு யாருது?" என்றார் அக்கா.

"அப்படி ஒருத்தர்னு சொல்ல முடியாதுக்கா. சூழ்நிலை..."

"சூழ்நிலைனா இன்னா? நாங்களா?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் அறிக்கையைப் பார்த்தேன். ஆமாம், அவர்கள்தான். இரண்டு பக்கமும் சுற்றிச் சுற்றி அதைத்தான் சொல்லியிருந்தது. அந்த ஊர், அந்த லைன், அந்தக் காற்று. என் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள ஒன்பது பெண்களையும் ஒரு கொட்டகையையும் சணல் சுற்றுவதுபோல நீட்டாகச் சுற்றி வைத்திருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது.

எல்லாவற்றையும் அழித்தேன். புதிதாக எழுதினேன்: "தப்பு என்னுடையது. இந்தக் கொட்டகைக்கு மட்டும் நான் இரண்டு உறை போட்டிருந்தேன், ஒன்றை மறந்துவிட்டேன். இப்போது சரிசெய்துவிட்டேன். லைனிலும் கொட்டகையிலும் ஒரு குறையும் இல்லை." இரண்டு தடவை தப்பாக அழுத்தி, மூன்றாவது தடவைதான் அனுப்பினேன்.

பதில் வர ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரமும் பெண்கள் கட்டியதையே அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார்கள். அக்கா மட்டும் விடாமல் எடை போட்டுக்கொண்டிருந்தார். பதில் நீளமாக இருந்தது. பொறுப்பு, நம்பிக்கை, இனிமேல் எது செய்தாலும் குறித்து வைக்க வேண்டும், தூங்குகிற போட்டோ பற்றித் தனியாகப் பேசலாம் என்றெல்லாம் இருந்தது. நான் ஒவ்வொரு வரியாகப் படிக்க ஆரம்பித்தேன். அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

"கொட்டாய் கீதா, இல்லியா?"

"கீது அக்கா."

பின்னால் யாரோ ஒருத்தி ஓவென்று கத்தினாள். இன்னொருத்தி கையிலிருந்த நண்டை விட்டுவிட, அது எங்கே போகிறதென்று யாரும் பார்க்கவில்லை. நான் மேசைமேல் ஏறக்கூட மறந்துபோனேன். அக்கா தராசின் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். தராசில் ஒன்றுமே இல்லை. தோளில் கிடந்த துணியை எடுத்து முகத்தைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார்.

"இன்னாக்கா, அழுவுறியா?" என்று கேட்டாள் பக்கத்தில் இருந்தவள்.

"யாரு அழுதா? காலைலேர்ந்து ஒரே காத்து. கண்ணுல மண்ணு பூந்துகினு கீது. நேத்து வேற சரியா தூக்கம் இல்ல. அந்தாளு ராத்திரில்லாம் கொறட்ட. இந்தத் துணி பூரா உப்புத் தண்ணி, இத எடுத்து மூஞ்சில வெச்சா எரியாம இன்னா செய்யும்? மின்னாடியே எனக்குக் கண்ணுல ஒரு மாரி தண்ணி வடியற வியாதி, பொன்னேரில டாக்டரு கூட சொன்னாரு..."

அவர் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி அதற்கு முன்பும் நான் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. நாங்கள் பத்துப் பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம். அதில் ஒரு வார்த்தையைக்கூட யாரும் கழிக்கவில்லை.